திருவாதவூர் ஞானசுந்தரிக்கு இறக்குமதி வரி

போன வாரம் ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயர்ந்திருந்தேன். எதிர்வீட்டு ரூபி டீச்சர் வாசலில் நின்று கூப்பிட்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"தப்பிச்சேன் தம்பி. எலெக்ஷன் டூட்டி போடுறதுக்குப் போன் பண்ணுனாங்க. முட்டிவலி, நம்மளால முடியாதுன்னு சொல்லிட்டேன்."

டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். தேர்தல் சமயத்தில் டீச்சர்களுக்கு வருகிற முட்டிவலியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? எந்த டாக்டராலும் குணப்படுத்த முடியாது. ஓட்டு எண்ணி முடித்ததும் தானே சரியாகிவிடும்.

"யாரு பேசுனா டீச்சர்... கலெக்டர் ஆபீஸா?"

"அதெல்லாம் கேக்கல. உங்க பேர்ல டூட்டி வந்திருக்கு மேடம், இன்னைக்கே ரெடி பண்ணி வைங்கன்னான். வேற யாருக்காச்சும் போட்டுக்கங்கப்பான்னேன். அப்படியெல்லாம் மாத்த முடியாது மேடம், வேணாம்னா ரிட்டர்ன்தான் போகும்னான். மகராசனாப் போகட்டும்னு போனை வச்சுட்டேன்."

ரிட்டர்னா? எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. எலெக்ஷன் டூட்டி எங்கேயாவது ரிட்டர்ன் போகுமா?

அது எலெக்ஷன் டூட்டி இல்லை. கஸ்டம்ஸ் டூட்டி! பேசியவர் கூரியர் ஆபீஸ்காரர். அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த பார்சலை, வேண்டாம் என்று டீச்சரே திருப்பிவிட்டிருக்கிறார். அந்தப் பார்சலுக்குள் இருந்தது அவருடைய அம்மா.

புரியும்படி சொல்கிறேன். எனக்கு இன்டர்நெட்டில் ஒரு கிறுக்கு உண்டு. வெளிநாட்டு ஏலத் தளங்களில் நுழைந்து, மதுரையின் பழைய படங்கள் ஏதாவது கிடைக்குமா என்று துழாவிக்கொண்டே இருப்பேன். போன் பில்லைப் பார்த்து வீட்டில் திட்டு விழும். அது தனிக்கதை.

இரண்டு மாதம் முன்பு ஒரு படம் சிக்கியது. இங்கே வேலை பார்த்த மிஷனரி ஒருவரின் பேரன், பரணைச் சுத்தம் செய்யும்போது கிடைத்ததாம். போர்டிங் பள்ளிப் பெண்கள், வரிசை வரிசையாக. பின்பக்கம் தமிழில் பெயர்கள். அதையும் ஸ்கேன் செய்து போட்டிருந்தார். டீச்சர் வேலை பார்க்கும் அதே பள்ளிக்கூடம் என்பதால் அவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அந்த வகுப்பில் மட்டும் மூன்று ஞானசுந்தரிகள்! குழப்பம் வேண்டாமென்று ஊர்ப்பெயரைச் சேர்த்து எழுதியிருந்தார்கள். கல்லுப்பட்டி ஞானசுந்தரி, மேலூர் ஞானசுந்தரி, திருவாதவூர் ஞானசுந்தரி...

மூன்றாவது பெயரைக் கேட்டதும் டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கம்மா தம்பி."

டீச்சர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். ஒரு போட்டோகூடக் கிடையாது. அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே இத்தனை வயதாகிவிட்டது அவருக்கு. திரையில் தெரிந்ததோ தீப்பெட்டி அளவுப் படம். பெரிதாக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாரோ... ஒன்றும் பிடிபடவில்லை.

என் கிரெடிட் கார்டில் ஏலம் கேட்டேன். போட்டிக்கு யாரும் வரவில்லை, சல்லிசாகவே கிடைத்தது. டீச்சர் உணர்ச்சிவசப்பட்டு, 'எனக்கு இது தங்கத்தைவிட மேலானது ஐயா' என்று பேரனுக்கு ஒரு மெயில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அங்கேதான் வந்தது வினை. அந்த நல்ல மனுஷன் மனம் உருகி, பின்பக்கப் பெயர்கள் மறையாதபடி புது மரச்சட்டம், புதுக் கண்ணாடி எல்லாம் போட்டு, டீச்சர் பெயருக்கே கூரியரில் அனுப்பிவைத்தார். வழியில் தொலைந்தால் என்ன ஆவது என்று, பொருளின் மதிப்பு ஐந்நூறு டாலர் எனப் படிவத்தில் எழுதியும்விட்டார். வாங்கிய விலையைப் போல் பல மடங்கு. நம் கஸ்டம்ஸ் சும்மா விடுமா?

ஸ்கூட்டரில் டீச்சரை ஏற்றிக்கொண்டு கோரிப்பாளையம் கூரியர் ஆபீஸுக்குப் பறந்தேன். பறந்தேன் என்றா சொன்னேன்? சிக்னலில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் சிக்கி நின்றேன். பின்னால் டீச்சர் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார்.

கூரியர் ஆபீஸ் வாசலில் சென்னை வேன் நின்றுகொண்டிருந்தது. மூட்டைகளை ஏற்றியாகிவிட்டது. ஆபீஸ் பொறுப்பாளர் சிக்கந்தர் பாய் நிதானமாகச் சொன்னார். "நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க? கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு டீச்சரம்மா."

"நான் எலெக்ஷன்னு நெனச்சுட்டேன் தம்பி."

பாய் முதலில் முழித்தார். பிறகு விஷயம் புரிந்து, சிரிப்பை அடக்க முடியாமல் சென்னைக்குப் போன் போட்டார். வேனில் இருந்த மூட்டை இறங்கியது. கூடவே ஒரு பில்லும் நீண்டது. டூட்டி, டூட்டிக்கு மேல் ஒரு வரி, கிளியரன்ஸ் சார்ஜ். இவர்கள் நமக்காக முன்பணம் கட்டினார்களாம், அதற்கும் ஒரு சார்ஜ். படத்தின் விலையெல்லாம் இதற்கு முன் ஒன்றுமேயில்லை.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இது மதுரையில எடுத்த படம்ப்பா. மதுரைக்கு வாரதுக்கு எதுக்கு வரி? எங்கம்மா என்ன இம்போர்ட்டட் சாமானா?"

"கஸ்டம்ஸுக்கு உங்கம்மாவைத் தெரியாது டீச்சரம்மா. மரச்சட்டம் ஒண்ணு, கண்ணாடி ஒண்ணு, ஐந்நூறு டாலரு. அம்புட்டுதான் தெரியும்."

என்னிடம் இருந்ததையும் டீச்சர் பர்ஸில் இருந்ததையும் சேர்த்துக் கட்டினோம். முனகிக்கொண்டேதான் கட்டினேன், ஒளிக்க என்ன இருக்கிறது? பிறகு கத்தரிக்கோலை வாங்கிப் பார்சலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒரு துரை பெட்டியில் வைத்துக் கப்பலேற்றிய படம். கடல் தாண்டி, மூன்று தலைமுறையாக ஒரு பரணில், பனிக்கும் வெயிலுக்கும் தப்பிக் கிடந்திருக்கிறது. அங்கே யாருக்கும் இந்தப் பெண்களைத் தெரியாது. தூக்கிக் குப்பையில் போட்டிருந்தால் கேட்க நாதியில்லை. போடவில்லையே! ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் கம்பி... அது வழியாக எங்கள் தெருவில் வந்து எட்டிப் பார்த்திருக்கிறது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அட்டை விலகியது. அரைத் தாவணியும் இரட்டைச் சடையுமாக நாற்பது, ஐம்பது பெண்கள். ஊசிமுனைத் துல்லியம். காதுத் தோடுகூடத் தெரிகிறது.

எந்த வரிசை என்று பார்க்கப் படத்தைத் திருப்பப் போனேன். சிக்கந்தர் பாய் தடுத்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்தே விரலை நீட்டி ஒரு முகத்தைக் காட்டினார்.

"இவுகதானே?"

டீச்சரின் அதே மூக்கு. போர்டில் கணக்குப் போட்டுவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்ப்பாரே, அதே முறைப்பு. பின்பக்கம் பார்த்தேன். மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது. திருவாதவூர் ஞானசுந்தரி.

 

டீச்சர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தார். குனிந்து கிட்டத்தில் பார்த்தார். அந்தப் பெண்ணுக்குப் பதினாலு வயதுகூட இருக்காது. கழுத்தெலும்பு துருத்தி நிற்கிற, ஒல்லிப் பெண்.

"எம்புட்டு சின்னப் புள்ளையா இருக்கு..." என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, படத்தைப் பார்த்துத்தான் கேட்டார்:

"சாப்ட்டியாத்தா?"

கேட்டது மகள்.