பச்சை ஒயர்

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் கிடாரும் ஆம்ப்ளிஃபையரும் ரிப்பேர் செய்தது நான்தான், என் அண்ணன் இல்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷம் இதை யாரும் வெளியில் சொல்லவில்லை. கடைசியில் சொன்னபோது என்மேல் பழி போடுவதற்காகச் சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் முயற்சி செய்ததும் இல்லை.

அண்ணன் மில்லில் வேலை பார்த்தான். ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினான். எழுபதுகளின் நடுவில் புதுச்சேரியில் அப்படித் தெருவுக்கு ஒரு குழு இருந்தது. கல்யாணம், கோயில் திருவிழா, சர்ச் விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாடுவார்கள். குழுவின் சாமான்கள் முழுக்க எங்கள் வீட்டு முன்னறையில்தான் கிடக்கும்.

எனக்கு அப்போது இருபது வயசு. தொழிற்பேட்டையில் ரேடியோ செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஈயம் பற்றவைக்கும் வேலை பார்த்தேன். பெண்களுக்கு விரல் மெலிசு, கை நடுங்காது என்று எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். காட்டிய இடத்தில் பற்றவைக்க வேண்டும், அவ்வளவுதான். அது எதற்கு, கரண்ட் எங்கே போய் எங்கே வருகிறது என்று கேட்டால், "உனக்கு எதுக்கும்மா அது?" என்பார் சூப்பர்வைசர். நான் கேட்பதை நிறுத்தவில்லை. பதில் வராதபோது, பழுது என்று ஒதுக்கிய போர்டுகளையும் நல்ல போர்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சாப்பாட்டு நேரத்தில் அதுதான் என் பொழுதுபோக்கு. ஒரு வருஷத்தில் எது பழுதானால் எந்தச் சத்தம் போகும் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது.

ஒருநாள் அண்ணனின் ஆம்ப்ளிஃபையர் ஊமையாகிவிட்டது. மறுநாள் கல்யாணக் கச்சேரி. கடைத்தெருவில் கொடுத்தால் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். நான் அதைச் சமையலறைக்குத் தூக்கிப் போய், பின்பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஈயம் விட்டுப்போயிருந்தது. பத்து நிமிஷ வேலை. சத்தம் வந்ததும் அண்ணன் குதித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"யாராவது கேட்டா நான் செஞ்சேன்னு சொல்லிடறேன். உனக்குத்தான் நல்லது."

அம்மாவும் அவன் பக்கம்தான். "பொண்ணு ஒயரைப் புடிச்சிகிட்டு உக்காந்திருக்குன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

நான் ஒத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

அதன் பிறகு மற்ற குழுக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். முன்னறையில் அவர்கள் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அண்ணன் பெட்டியை உள்ளே தூக்கி வருவான். நான் திறந்து பார்த்து என்ன கோளாறு என்று அவன் காதில் சொல்வேன். அவன் வெளியே போய்க் கைகளைத் துடைத்துக்கொண்டு விளக்கம் கொடுப்பான். கண்டென்சர் வீங்கியிருக்கிறது என்று நான் சொன்னால், "ரெசிஸ்டர் வீங்கிடுச்சி" என்பான். அடுப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொள்வேன். வந்தவர்கள், "நீ பெரிய ஆளுப்பா" என்று அவன் முதுகில் தட்டுவார்கள்.

கிடார்களும் வந்தன. அந்தக் காலத்தில் இங்கே கிடைத்த கிடார்கள் பலதும் வாசிக்கிறவனின் விரலைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். கம்பிகள் கழுத்துப் பலகையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நிற்கும். கடல்காற்றில் கம்பி இரண்டே வாரத்தில் துருப்பிடிக்கும், மரம் வளையும். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்குகிற சின்னக் கட்டை உடைந்தால் மாற்றுக்கட்டை இங்கே கிடைக்காது. சூப்புக்கு வாங்கும் மாட்டெலும்பில் ஒரு துண்டை எடுத்து, வேகவைத்து, வெயிலில் காயவைத்து, அரத்தால் ராவி நானே செய்வேன். ஆறு கம்பிக்கும் ஆறு பள்ளம் போட வேண்டும். மயிரிழை ஆழம் கூடினாலும் கம்பி கழுத்துப் பலகையில் இடித்து இரையும். அப்புறம் முதலிலிருந்து இன்னொரு எலும்பு. அம்மா, "இது சூப்புக்கா, கிடாருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எலும்பைச் சட்டியில் போடுவாள்.

விஷயம் தெரிந்த வெளியாள் ஒருத்தர்தான், அண்ணனின் குழுவில் கிடார் வாசித்த டெய்லர். ஒருநாள் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர், என் மடியில் தன்னுடைய கிடார் இருப்பதைப் பார்த்துவிட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஆட்களை இங்கே சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா அவருடைய சித்தப்பா. அவர் கப்பலில் கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிடார் அது. டெய்லர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"தங்கச்சி, இத்தனை நாளா நீதானா?"

"ஆமாண்ணே."

"அப்ப உன்கிட்டயே சொல்றேன். மூணாவது கம்பியை அமுக்குனா கொஞ்சம் சுருதி ஏறுது. உங்கண்ணன்கிட்ட நாலு தடவை சொல்லிட்டேன்."

அண்ணன் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அன்றைக்கே சரிசெய்து கொடுத்தேன். அதிலிருந்து அவர் முன்னறையில் உட்காரமாட்டார். நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து நின்று பேசுவார்.

ஐந்தாவது வருஷம் குழுவின் ஆம்ப்ளிஃபையருக்கு நான் ஒயர் மாற்றினேன். பழையதில் இரண்டே ஒயர். நான் போட்டது சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று ஒயர் உள்ளது. அதற்கு மூன்று கால் பிளக். அண்ணன், "ரெண்டுலயே ஓடுதே, மூணாவது எதுக்கு?" என்று கேட்டான். பச்சை ஒயர் பெட்டியின் இரும்பைப் பூமியோடு இணைக்கிறது, உள்ளே எங்காவது கரண்ட் கசிந்தால் அது ஆளின்மேல் பாயாமல் தரைக்குப் போய்விடும், கிடார் கம்பி கேபிள் வழியாக இந்த இரும்போடு சேர்ந்திருப்பதால் வாசிக்கிறவர் உயிருக்கு இதுதான் காவல் என்று சொன்னேன். "இதை மட்டும் யாரையும் தொட விடாதே" என்று இரண்டு தடவை சொன்னேன். "சரி, சரி" என்றான்.

ஒரு மாதம் கழித்து வைத்திக்குப்பத்தில் கோயில் திருவிழா. கடற்கரை மணலில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் போகவில்லை, பொம்பளைகள் குழுவோடு போகும் வழக்கம் இல்லை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும், ஓர் ஆள் சைக்கிளில் வந்து, மைக் டெஸ்டிங்கில் டெய்லருக்குக் கரண்ட் அடித்துவிட்டது, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று சொன்னான். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

உயிர் இருந்தது. இடது கையில் கட்டுப் போட்டிருந்தார்கள், மோதிர விரலும் சுண்டு விரலும் கருகிவிட்டன என்றார்கள். அவருடைய மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் அண்ணன், குழு ஆட்கள், கச்சேரிகளுக்கு வாடகை மைக் வைக்கும் மைக் செட்காரர் எல்லாரும் நின்றார்கள். நான் வந்ததைப் பார்த்து மைக் செட்காரர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"வூட்ல பொம்பள கை வச்ச மிசினு. வேற எப்படி இருக்கும்?"

அவருக்கு எப்படித் தெரியும்? அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் சொல்லியிருக்கிறான். பாராட்டு வந்த ஐந்து வருஷமும் செய்தவன் அவன். டெய்லர் கருகிக் கிடந்த ஒரு மணி நேரத்துக்குள் செய்தவள் நான் ஆகிவிட்டேன்.

அங்கே நின்று அழ எனக்குப் பிடிக்கவில்லை. நேராக வைத்திக்குப்பத்துக்கு நடந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. பந்தலில் ஆள் இல்லை. பலகைமேல் எங்கள் ஆம்ப்ளிஃபையர் அப்படியே இருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். முனையில் நான் போட்ட பிளக் இல்லை, வெட்டியிருந்தார்கள். சிவப்பு தனியாக நின்றது. கறுப்பையும் பச்சையையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். சுவிட்ச் போர்டின் கீழே மணலில் இரண்டு தீக்குச்சிகள் கிடந்தன. போர்டின் இரண்டு ஓட்டையில் அந்த முனைகளைச் சொருகி, விழாமல் இருக்கத் தீக்குச்சியால் அடைத்திருக்கிறார்கள்.

படகு நிழலில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா என்னைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"நீ இன்னா, அந்தத் தம்பிக்குச் சொந்தமா?"

"எங்க பெட்டிதான்மா இது. என்ன நடந்துச்சி, நீங்க பாத்தீங்களா?"

"இங்கதானே குந்தியிருந்தேன். அந்த மைக்காரன் பிளக்கு நுழையலன்னு வெட்டிப் போட்டான். பல்லால கடிச்சு ஒயரை உரிச்சான். மொதல்ல சொருகுனப்ப ஒண்ணும் இல்ல, பெட்டிதான் உர்ருன்னு உறுமுச்சி. உடனே புடுங்கி, இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் மாத்திச் சொருகுனான். அந்தத் தம்பி வெறுங்காலோட ஈர மணல்ல நின்னு கம்பியைத் தொட்டுச்சி. அவ்ளோதான், வெட்டி வெட்டி இழுத்துச்சி. எம்புள்ளதான் கட்டையால ஒயரைத் தட்டிவுட்டான்."

அவள் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்துவிட்டது. மாற்றிச் சொருகியதில் பச்சை ஒயர் கரண்ட் வரும் ஓட்டைக்குள் போய், அதன் வழியாகக் கரண்ட் நேராகப் பெட்டியின் இரும்புக்கும், அங்கிருந்து கிடார் கம்பிக்கும் போயிருக்கிறது. காப்பாற்ற வைத்த ஒயரை வைத்தே அவரைச் சுட்டிருக்கிறார்கள். நான் ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றி, முறுக்கைப் பிரிக்காமல் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் முன்னறையில் குழு கூடியது. மைக் செட்காரரும் வந்தார். இன்னும் நாலைந்து கச்சேரிக்கு அவர்தான் மைக். நான் யாரும் கூப்பிடாமல் போய் ஒயரை நடுவில் போட்டேன். எதை வெட்டினார், எதை எதோடு முறுக்கினார், மாற்றிச் சொருகியதில் என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். பார்த்த அம்மா இன்னும் அங்கேதான் மீன் விற்கிறாள், போய்க் கேளுங்கள் என்றேன்.

மைக் செட்காரர் சிரித்தார். "எல்லா ஒயரும் கரண்ட் போற ஒயர்தானேம்மா. இருவது வருசமா நான் இப்படித்தான் சொருகறேன்."

ஆர்கன் வாசிப்பவர், "உயிருக்கு ஒண்ணும் ஆகல இல்ல, விடும்மா. அவன் நேரம் அப்படி" என்றார்.

"அவர் நேரம் இல்லீங்க, இவர் கை" என்றேன்.

அண்ணன் எழுந்தான். "உள்ள போ."

"போகமாட்டேன். இத்தனை வருசமா ரிப்பேர் பண்ணது நீன்னு ஊரெல்லாம் சொன்னியே, அப்ப இந்தக் கேள்வியும் உன்னைத்தானே கேக்கணும்? என்னை எதுக்குக் காட்டிக் குடுத்த? பச்சை ஒயரைத் தொட விடாதேன்னு ரெண்டு தடவை சொன்னேனே, அவர் வெட்டும்போது நீ எங்க இருந்த?"

அவன் திரும்ப உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள், அடுத்த கச்சேரிக்கு எத்தனை மணிக்கு வேன் வரும் என்று பேச ஆரம்பித்தார்கள். டெய்லருக்குப் பதில் யாரை வாசிக்க வைப்பது என்றும் பேசினார்கள். நான் அங்கேயே நின்றேன். ஆம்ப்ளிஃபையரை வேறு ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிட்டார்கள்.

டெய்லர் நாலு மாதம் கழித்து வந்தார். கிடாரைத் தோளில் மாட்டியிருந்தார். இடது கையைக் காட்டினார். இரண்டு விரலும் தோல் இழுத்து, பாதிதான் மடங்கின.

"மெசின்ல தைக்கறதுக்கு இது போதும் தங்கச்சி. கம்பியை அமுக்கத்தான் முடியல. ரெண்டு விரல வச்சிகிட்டு வாசிக்கற மாதிரி இதுல கம்பியை இறக்கிக் குடுப்பியா?"

என்னால்தான் இப்படி ஆயிற்று என்று அவர் நம்புகிறாரோ என்று நாலு மாதமும் எனக்குப் பயம். அதைக் கேட்டேன்.

"பிளக்கை வெட்டும்போது நான் பாத்துகிட்டுதான் இருந்தேன்" என்றார். "வேணாம்னு சொன்னேன். உங்கண்ணன் நேரமாச்சு, விடுன்னான்."

அதைக் கேட்ட நிமிஷம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அண்ணன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான்.

அந்தக் கிடாருக்கு மூன்று வாரம் ஆனது. மெலிசான கம்பி போட்டேன். எலும்புக் கட்டையில் பள்ளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக்கினேன். கழுத்தில் குறுக்கே பதித்த பித்தளை மெட்டுகளில் தூக்கி நின்றவற்றை ஒவ்வொன்றாக ராவிச் சமன் செய்தேன். கடைசியில் விரலை லேசாக வைத்தாலே சுரம் வந்தது. அவர் வாசித்துப் பார்த்துவிட்டு உறையில் போட்டார். அதன் பிறகு யார் கேட்டாலும், "முத்தியால்பேட்டைல ஒரு பொண்ணு செஞ்சுது, அட்ரஸ் தரேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஆட்கள் என்னைக் கேட்டே வந்தார்கள். மூன்று கால் பிளக் போடச் சம்மதிக்காதவர்களின் பெட்டியை நான் திறக்கவே மாட்டேன். சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். போகட்டும்.

அடுத்த வருஷம் மூலக்குளத்தில் ஒரு கல்யாணம். டெய்லர் வேறு ஒரு குழுவில் வாசித்தார். அவர் கூப்பிட்டதால் நானும் அம்மாவும் போனோம். பகல் பன்னிரண்டு மணி, பந்தி நடந்துகொண்டிருந்தது. நன்றாகத்தான் வாசித்தார். ஒரு பாட்டின் நடுவில் கிடார் தனியாக ஓடும் இடம் ஒன்று வரும். முன்பெல்லாம் ஒத்திகையில் அந்த இடத்தில் எங்கள் முன்னறையே எழுந்து நிற்கும். அன்று அதை அவர் விட்டுவிட்டார். அந்த இடத்தைப் புல்லாங்குழல்காரர் எடுத்துக்கொண்டார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். என்னால் இலையில் கை வைக்க முடியவில்லை.

பாட்டு முடிந்து இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் கோவமா? விடு தங்கச்சி. நானே விட்டுட்டேன்."

"நீங்க விட்டது உங்க இஷ்டம்ணே" என்றேன். "நான் விடமாட்டேன்."

அவர் சிரித்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னார்.