எக்ஸ்ரே பிலிமில் எடுத்த படம்

சுஹறா கல்முனையில் ஒரு தனியார் வைத்தியசாலையில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். போன வருடம் அங்கே எல்லாம் கம்பியூட்டருக்கு மாறியபோது, திகதி முடிந்த பிலிம் நான்கு பெட்டி மிஞ்சிப்போனது. எறியப்போன பொறுப்பாளரிடம் கேட்டு அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"இதால என்னகா செய்யப் போறாய்?" என்று கேட்டான் கணவன் றவூப்.

"படம் எடுக்கப் போறன்."

"போன்ல எடுக்கேலாத படமா?"

இந்தப் பிலிமைப் பெரிய மரக் கமராவில் போட்டுச் சிலர் படம் எடுப்பதை இணையத்தில் பார்த்திருந்தாள். தானும் செய்து பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

நற்பிட்டிமுனையில் தளபாடம் செய்யும் சுஜீபன், கமராவுக்கென ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு பெட்டிகளைப் பலகையில் செய்து கொடுத்தான். பழுதான போட்டோக்கொப்பி மிஷினிலிருந்து லென்ஸ் கிடைத்தது. அதற்கு ஒரு மூடி. மூடியைக் கழற்றி, செக்கனை எண்ணி, திரும்ப மூட வேண்டும். காட்சி விழுந்து தெரிவதற்கான பின்பக்கத்துக் கண்ணாடியை மங்கலாகத் தேய்த்து எடுக்கவே இரண்டு நாள் பிடித்தது. வெளிச்சம் படாமல் தலையை மூடிக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்க்க, தன் பழைய அபாயா ஒன்றை வைத்துக்கொண்டாள்.

முதலில் மாவடிப்பள்ளி வயலுக்குப் போனாள். கண்ணாடியில் வயல் தலைகீழாக நின்றது, வானம் கீழே கிடந்தது. அன்றைய பிலிம் முழுக்கக் கறுத்துப்போனது. பெட்டியின் மூலையில் ஒரு நூலளவு இடைவெளி இருந்திருக்கிறது. அடுத்தது கீறல் விழுந்து நாசமானது. எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும். நனைந்ததும் அது பாலாடை மாதிரி இளகிவிடும், கழுவும் தட்டின் அடியில் உரசினாலே போதும். தட்டுக்குள் ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டு, அதன் மேல் பிலிமைக் கழுவப் பழகினாள். ஐந்தாவது பிலிமில் வரம்பும் வாய்க்காலும் சரியாக விழுந்தன.

அதைக் கடதாசிக்கு மாற்றுவது சுகமாக இருந்தது. பகல் லுஹர் தொழுதுவிட்டு, குளியலறை யன்னலை அடைத்து, சிவப்பு பல்பைப் போட்டாள். கொழும்பிலிருந்து எடுப்பித்த படக்கடதாசியின் மேல் நெகட்டிவை அப்படியே வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி, வெள்ளை பல்பை மூன்று எண்ணும்வரை எரியவிட்டு, கடதாசியை மருந்தில் கழுவி எடுத்தாள். நெகட்டிவ் எந்த அளவோ படமும் அதே அளவு. பெருப்பிக்கும் வேலை இல்லாததால் புல்லின் நுனி வரைக்கும் தெரிந்தது. றவூப் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். பிறகு, "இனி நான் குளிக்கலாமா?" என்று கேட்டான்.

ஆளை எடுக்க வேண்டும் என்று வந்தபோது அவளுக்கு அருளம்பலம் நினைவுக்கு வந்தார். நெஞ்சுச் சளிக்காக வருடத்தில் இரண்டு தரம் அவளிடம் வரும் மீன்பிடிக்காரர்.

"கடற்கரைக்கு வாங்க மிஸ், தோணியோட எடுப்பம்" என்றார் அவர்.

மர நிழலில், தோணிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினாள். மனைவி சின்னத்தங்கம் தள்ளி நின்று பார்த்தார்.

"அண்ணன், மூணு செக்கன் அசையப்படா. மூச்ச நல்லா இழுங்க. அடக்குங்க."

வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது. அருளம்பலம் உடனே நாடியைத் தூக்கி, கைகளை இடுப்பில் ஊன்றி, தோள்களை முன்னுக்குத் தள்ளி, மிஷினில் நெஞ்சை ஒட்டி நிற்கிற மாதிரி விறைத்து நின்றார். கடலைப் பின்னுக்கு வைத்து எடுத்த படத்தில் அவர் எக்ஸ்ரேக்குத்தான் நின்றார்.

படத்தைக் கண்டதும் சின்னத்தங்கத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அருளம்பலத்தின் கவலை வேறு.

"நான் இவ்வளவு கறுப்பா மிஸ்?"

"இந்தப் பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது அண்ணன். வெயில்ல சிவந்த தோலெல்லாம் கறுப்பாத்தான் விழும்."

"அப்ப எண்ட பிழை இல்ல."

"இல்ல."

"அப்படியெண்டா இவளையும் வெச்சு எடுங்க. ரெண்டு பேரும் கறுப்பா நிப்பம்."

அடுத்த ஞாயிறு இருவரையும் எடுத்தாள். இம்முறை மூச்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூடியைக் கழற்றிய நேரம் காகம் ஒன்று மீன்கூடையில் இறங்க, அதை விரட்டச் சின்னத்தங்கம் தலையைத் திருப்பிவிட்டார். அருளம்பலம் துலக்கமாக இருந்தார். பக்கத்தில் ஒரு சேலை நின்றது, அதற்கு மேலே புகை மாதிரி ஒரு முகம்.

சுஹறாவுக்கு அதைக் கொடுக்க வெட்கமாக இருந்தது. திரும்ப எடுத்துத் தருவதாகச் சொன்னாள். சின்னத்தங்கம் படத்தை விடவில்லை.

"முகம் என்னத்துக்கு மிஸ்? காகத்த வெரட்டினது நான்தான் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

அது இப்போது அவர்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலே தொங்குகிறது. முதல் படத்தை அருளம்பலம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சுஹறாவிடம் இன்னும் மூன்றரைப் பெட்டி பிலிம் இருக்கிறது. அடுத்ததாக வீரமுனையில் அறுவடையை எடுக்கப் போகிறாள். அங்கே யாரும் அசையாமல் நிற்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.