மொலோபாலி மரியாதையாகப் பேசிய நாள்

மெக்கானிக் மொலோபாலி குலிபாலி இந்த இருபத்திரண்டு வருடங்களில் என்னை ஒரே ஒரு நாள்தான் "ஐயா" என்று கூப்பிட்டான். அன்றைக்கு எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

நான் ஃபாமூசா கெய்த்தா, லாரிக்காரன். கெய்த்தா குலத்துக்கும் குலிபாலி குலத்துக்கும் கேலி முறை. பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் வாரிவிட வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. குலிபாலிகளை நாங்கள் காராமணி தின்னிகள் என்போம். எங்கள் பாட்டன் பூட்டன் அரசாண்டவர்கள் என்பதால் எங்களை அவர்கள் கந்தல் கட்டிய மன்னர்கள் என்பார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் இது செல்லும், சாவு வீட்டிலும் செல்லும். ஒருவன் மரியாதையாகப் பேசினால்தான் நாங்கள் பயப்படுவோம்.

எங்கள் சான் நகரத்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருக்கிறது அவன் பட்டறை. அவனுக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மட்டமான பெயர் வைத்தால் சாவு எட்டிப் பார்க்காது என்று, வெட்கங்கெட்டவன் என்று பொருள் வரும்படி மூன்றாவதுக்கு மொலோபாலி என்று வைத்தார்கள். அவனும் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வளர்ந்தான். எந்த வண்டி வந்தாலும் முதலில் பானெட்டைத் தொடமாட்டான். டிரைவரைத்தான் திறப்பான். பொய் சொல்லாத டிரைவர் இன்னும் பிறக்கவில்லை என்பது அவன் கட்சி. டேங்க் நிறைய டீசல் இருக்கிறது என்று ஒருவன் சத்தியம் செய்தபோது, டேங்கில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உன் வண்டி நோன்பு இருக்குதுப்பா, சாயங்காலம் வரைக்கும் தொந்தரவு பண்ணாதே" என்று அனுப்பிவைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் சின்ன மகள் நியெலேயின் சீர்ப் பொருள்களை யாங்காசோவுக்குக் கொண்டுபோக வேண்டும். மதியத் தொழுகைக்கு முன் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் இறக்கியாக வேண்டும். பெரியவளின் சீரைக் கழுதை வண்டியில் அனுப்பினேன். வழியில் அச்சு முறிந்து, அந்தி சாய்ந்தபின் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் அவள் கொழுந்தனார்கள், "அண்ணி, கழுதை வந்துடுச்சா?" என்று கேட்கிறார்கள். நீ லாரியில்தான் போவாய் என்று நியெலேக்கு அவள் சிறுமியாக இருந்தபோதே வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் லாரிக்கு என் மூத்த மகளைவிட வயது அதிகம். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு புது வியாதி. கிளம்பும், பத்து நிமிடம் ஓடும், மூச்சு முட்டி நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றும் தெரியாததுபோல மறுபடி கிளம்பும். போகிற வழியில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனாமல் குண்டான்கள், சுரைக்குடுக்கைகள், கட்டில், அதற்கு மேல் பாட்டுப் பாடிக்கொண்டு முப்பது பெண்கள். முன்சீட்டில் முக்காடிட்டு அழுதுகொண்டிருந்தாள் நியெலே. பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை, லாரி நின்றுவிட்டது.

மொலோபாலி டீ கிளாஸும் கையுமாக ஆடி அசைந்து வந்தான்.

"என்ன மாமன்னா, ரதம் படுத்துக்கிச்சா?"

"காராமணி தின்னி, வாயை மூடிக்கிட்டு பானெட்டைத் திற."

"முதல்ல உன்னைத் திறக்கறேன். டீசல் எங்க புடிச்சே?"

"பங்க்லதான்."

"கிரோசின் கலந்தியா?"

"சேச்சே."

"ஃபில்டர்?"

"வெள்ளிக்கிழமைதான் புதுசு போட்டேன். கெய்த்தா வீட்ல பொய் சொல்ற வழக்கம் கிடையாது."

"இதோட நாலு பொய்" என்றான் அவன். "செல்ஃப் அடி."

அடித்தேன். அவன் சைலன்ஸரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"புகையே வரல. டீசல் இன்ஜினுக்கே போகல. சோறே வராதப்ப குழம்பைக் குத்தம் சொல்லக் கூடாது."

லாரி உச்சியிலிருந்து என் தங்கை தெனின் குரல் கொடுத்தாள். "அண்ணே, கழுதை வண்டிக்கு ஆள் அனுப்பட்டுமா?" முப்பது பெண்களும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் கொதித்தது. உள்ளே நியெலேயின் விசும்பல் பெரிதானது.

மொலோபாலி அவசரப்படவில்லை. டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்தான். காற்று இழுக்கும் சத்தம் இல்லை, மூடியில் குறையில்லை. டீசல் குழாயின் நடுவே சலைன் ட்யூப் ஒரு துண்டைச் சொருகிக் கை பம்பை அழுத்தினான். காற்று புகுந்திருந்தால் குமிழி தெரியும். ஒரு குமிழி கூட இல்லை. பம்ப் மட்டும் அவன் கையைப் பின்னால் இழுத்தது. குழாயைக் கழற்றி வாயை வைத்து டேங்க் பக்கம் ஊதினான். உள்ளே 'புளக்' என்றது. மாட்டிவிட்டு, காற்றை வெளியேற்றி, செல்ஃப் அடிக்கச் சொன்னான். உறுமிக்கொண்டு கிளம்பியது லாரி. மேலே குலவை எழுந்தது.

"தொண்டையைச் செலவழிக்காதீங்கம்மா. பத்து நிமிஷம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து இரண்டாவது டீயைக் குடித்தான்.

ஒன்பதாவது நிமிடம் நின்றுவிட்டது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"உள்ள ஒருத்தன் குடியிருக்கான். வண்டி டீசலை உறிஞ்சறப்போ வந்து குழாய் வாயை அடைச்சுக்கறான், நின்னதும் உதிர்ந்துடறான். சல்லடைதான் என்னிக்கோ போயிடுச்சே."

உதிர நேரம் கொடுக்காமல் டேங்கின் மேல் திருகுகளைக் கழற்றி, டீசலை உறிஞ்சும் குழாயை வெளியே இழுத்தான். அதன் வாயைப் பார்த்தான். சட்டென்று கையை மூடிக்கொண்டான். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"கெய்த்தா ஐயா, கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

முடிந்தது கதை என்று நினைத்தேன். பம்ப் போய்விட்டது, இன்ஜின் போய்விட்டது, நியெலேயும் கழுதை வண்டியில்தான் போகப்போகிறாள். வேப்பமரத்தின் பின்னால் அவன் எதிரில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். "கிரோசின் கலந்தேண்டா. ரோட்டோரக் கடையிலதான் வாங்கினேன். ஃபில்டரும் பழசுதான், கழுவிப் போட்டேன். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், இன்னிக்கு ஒரு நாள் ஓட வெச்சுடு."

"தாங்கள் இவ்வளவையும் சொல்லணும்னு அவசியமே இல்லீங்களே" என்று கையை விரித்தான்.

உள்ளங்கையில் ஒரு காராமணி. டேங்க் அடியில் தேங்கிய தண்ணீரில் ஊறிப் பருத்திருந்தது.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இருபத்திரண்டு வருடங்களாக அவனைக் காராமணி தின்னி என்று ஊர் நடுவே திட்டியவன் நான். என் வீட்டில் காராமணி இல்லாமல் சோறு இறங்காது என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வண்டு விழாமலிருக்க அதை மஞ்சள் கேனில் அடைத்து இறுக மூடிவைப்பாள். வெள்ளிக்கிழமை காலியாக இருந்த கேனை எடுத்துக்கொண்டுபோய் அதில்தான் டீசல் வாங்கி ஊற்றினேன்.

"அண்ணே, உள்ள என்ன இருந்துச்சாம்?" தெனின் மேலிருந்து கத்தினாள்.

மொலோபாலி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். கேலி முறைக்காரன் இப்படி ஒரு வாய்ப்பை விடவே மாட்டான்.

"கொஞ்சம் குப்பைங்க" என்றான் பவ்யமாக.

டேங்கைக் காலி செய்து டீசலைத் துணியில் வடிகட்டினான். இன்னும் ஆறு காராமணிகள். ஏழையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நானும் வர்றேன்" என்று லாரியில் ஏறினான். யாங்காசோ வரை ஒரு வசவு இல்லை. அந்த ஐம்பது கிலோமீட்டரும் லாரி நிற்கவேயில்லை, எனக்குத்தான் மூச்சு முட்டியது.

மதியத் தொழுகைக்கு அழைப்பு வருவதற்குள் போய்ச் சேர்ந்தோம். குண்டான்களை எல்லோரும் பார்க்கும்படி ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாயெல்லாம் பல். எல்லாம் முடிந்ததும் மொலோபாலி முற்றத்தின் நடுவே வந்து நின்றான். வந்தது வினை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சம்பந்தி வீட்டுக்காரங்களே, இந்தப் பொண்ணோட சீர்ல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று நியெலேயின் கையைப் பிடித்து அந்தப் பருத்த காராமணியை வைத்தான். "உங்கப்பனோட அரண்மனைப் பயிர் இது. டீசல் டேங்க்லதான் விளையுது. லாரியையே நிறுத்தின காராமணிம்மா."

முற்றமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். தெனின் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நியெலேயும் முக்காட்டுக்குள் குலுங்கிச் சிரித்தாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "பத்திரமா வெச்சுக்கோ. இங்க யாராவது உன்னை அழ வெச்சா, யார்கிட்டயாவது இதைக் கொடுத்து அனுப்பு. நீ ஒரு வார்த்தை சொல்ல வேணாம். உங்கப்பன் லாரியை ஓட்டிக்கிட்டு நானே வந்து நிப்பேன். அது ஸ்டார்ட் ஆகுமான்னு கவலைப்படாதே."

எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. இத்தனை பேர் எதிரில் ஒரு கெய்த்தா அழுதால் எப்படி? சமாளிப்பதற்காக அவனை ஒரு வசவு திட்ட வாயைத் திறந்தேன்.

இருபத்திரண்டு வருடங்களாக எனக்குத் தெரிந்த வசவு அந்த ஒன்றுதான். ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க ஐயா" என்றான் மொலோபாலி.