மேல் வயலில் மீதமிருந்த வெயில்

சுனௌலி எல்லையை நடந்தேதான் கடந்தோம். குறுக்கே ஒரு கட்டை, அந்தப் பக்கம் நேபாளம். பாஸ்போர்ட் கேட்பார் இல்லை. கைக்கடிகாரத்தைக் கால் மணி முன்னால் தள்ளி வைத்தபோதுதான் வெளிநாடு என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

“அவ்ளோதானா சார் ஃபாரினு? எங்க கெடார்லேர்ந்து விழுப்புரம் போறதே இத்தவிடப் பேஜாரு” என்றான் என் மாணவன் முனுசாமி.

எண்பத்தேழு டிசம்பர் விடுமுறை. திண்டிவனத்தில் எங்கள் கல்லூரியின் புவியியல் மாணவர்கள் பன்னிரண்டு பேர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஆசிரியன் நான். கரும்பலகையில் இமயமலையை வரைந்து வரைந்து அலுத்துப்போய், பையன்களுக்கு நேரில் காட்டியே தீருவேன் என்று முதல்வரிடம் அடம்பிடித்து வாங்கிய அனுமதி. சென்னையிலிருந்து கோரக்பூர் வரை ரயில், அப்புறம் எல்லை வரை பஸ்.

நிபந்தனை ஒன்று செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவனான தரணேந்திரன் வீட்டார் தமிழ்ச் சமணர்கள்; ஊரில் நயினார் என்பார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை. திண்டிவனம் ரயிலடியில் அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “கெழங்கு, வெங்காயம் ஆவாதுங்க. பொழுது போச்சுன்னா உழுந்தாலும் உழுவானே தவிர வாயத் தொறக்க மாட்டான். கொஞ்சம் பாத்துக்கினு வாங்க சார்.”

“பட்டினி போட மாட்டேன், கவலைப்படாதீங்க” என்று வாக்குக் கொடுத்தேன். எந்த ஊரில் எத்தனை மணிக்கு அஸ்தமனம் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பாடு என்று திட்டமே வைத்திருந்தேன். கணக்கு அத்தனை சுத்தம்.

முதல் அடி ரயில் தாமதம். அன்று இரவு அவனுக்குச் சாப்பாடு போயிற்று. மறுநாள் பைரவாவில் விடியுமுன்பே காத்மாண்டு பஸ். நாராயண்காட் தாண்டியதும் திரிசூலி ஆற்றை ஒட்டி மலைப்பாதை. நடுவழியில் மண் சரிந்து கிடந்ததால் மதியம் முழுவதும் நின்றோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உருண்டை அவனுக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. வழி திறந்து, முக்லிங்குக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் டிரைவர் நிறுத்தியபோது மணி நாலு. அஸ்தமனத்துக்கு இன்னும் ஒரு மணிக்கு மேல் இருக்கிறது. ஜெயித்துவிட்டேன் என்று இறங்கினேன்.

இறங்கிய இடம் இருண்டு கிடந்தது. சூரியன் எதிர்க்கரை மலைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு. நேபாள ரூபாயில் பன்னிரண்டு. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டு, பருப்பில் வெங்காயம் இல்லை என்று கடைக்கார அம்மாளிடம் உறுதி செய்துகொண்டேன். தைத்த இலைத் தட்டில் ஆவி பறந்தது. தரணேந்திரன் தொடவில்லை.

“பொழுது போயிடுச்சு சார்.”

“போகலடா! மலை மறைக்குது. தொடுவானத்துக்குக் கீழே போனாத்தான் அஸ்தமனம். பாடத்துலயே இருக்கே.”

“பரீச்சைல அப்படியே எழுதறேன் சார். ஆனா கண்ணுக்குத் தெரியணுமே. எங்கப்பாகிட்ட பாடத்தக் காட்ட முடியாதே.” சிரித்தான். உதடு வெளுத்திருந்தது. காத்மாண்டு சேர நள்ளிரவாகும். மறுநாள் காலை வரை தாங்குவானா? பாலாற்றுக்குத் தெற்கே சமதரையில் வளர்ந்த நான் போட்ட கணக்கு பல்லிளித்தது.

முனுசாமிதான் அண்ணாந்து பார்த்தான். கடைக்குப் பின்னால் படிப்படியாகக் கடுகு வயல்கள். பாதி உயரத்துக்கு மேல் மஞ்சள் வெயில் பளீரென்று அடித்தது.

“அங்க கீறான் பாருடா உன் சூரியன்! ஜல்தி வாடா!”

அவன் தட்டோடு ஓட, தரணேந்திரன் பின்னால் ஓட, தண்ணீர்ச் செம்போடு நான் ஓட, மீதிப் பேரும் சோற்றை விட்டுவிட்டு ஏறினார்கள். மூச்சு வாங்க வெயிலுக்குள் நுழைந்தோம். எதிர்மலை முகட்டில் சூரியன் முழுசாக உட்கார்ந்திருந்தது. முனுசாமி கிழங்குத் துண்டுகளைப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு, “இனிமே துன்னு நயினாரு” என்றான்.

நாலு வாய் தின்பதற்குள் நிழல் காலடிக்கு வந்துவிட்டது. “நெழலு வந்துட்டான்டா, எழுந்திரு!” அடுத்த வயலுக்குத் தாவினோம். அங்கும் வந்தது. கீழே டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். பிறகு கடைக்கார அம்மாளிடம் விஷயம் கேட்டாரோ என்னவோ, ஹாரனை விட்டுக் கைதட்ட ஆரம்பித்தார். பூமி சுழல்கிறது என்று வருடமெல்லாம் கத்தியிருக்கிறேன். அது ஒருவனைச் சோறும் கையுமாக மலையேற விரட்டி அன்றுதான் பார்த்தேன். கடைசிக் கவளம் உள்ளே போய், செம்புத் தண்ணீரும் குடித்த பிறகுதான் நிழல் எங்கள் தலையைத் தாண்டியது.

காத்மாண்டுவில் கோயில்கள் பார்த்தோம். விடிகாலையில் பனிமலையும் பார்த்தோம். திரும்பி வந்து திண்டிவனத்தில் இறங்கியபோது சாயங்காலம். தரணேந்திரனின் அப்பா தூக்குச்சட்டியோடு நின்றிருந்தார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேடுகூட இல்லை. வயலுக்கு மேலே சிவப்பாகச் சூரியன், அவசரமே இல்லாமல்.

எனக்குப் பழக்கதோஷம். “சீக்கிரம்டா!” என்றேன்.

தரணேந்திரன் பிளாட்பாரத்துச் சிமெண்டு பெஞ்சில் சாவகாசமாகச் சம்மணம் போட்டான். “இன்னாத்துக்கு சார் அவசரம்? இது நம்ம ஊரு. உக்காந்துக்கினே சாப்புடலாம்.”