மேரி எனக்குப் பதில் சொல்லும் மொழி

என் மனைவி மேரி களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பைப் பானையிலேயே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பின்னந்தலையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு வாந்தி. கழுத்தை வளைக்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது அதுவரை வராத ஒரு தலைவலி இப்படித் திடீரென்று வந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நான் அரைமணி நேரம் தேய்த்தேன். ஓசூர் டாக்டர்தான் திட்டிப் பெங்களூருக்கு அனுப்பினார்.

அறுபதுகளின் கடைசி அது. ஸ்கேன் கிடையாது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்கவேண்டிய நீர் ரத்தமாக வந்தது. பிறகு ஆஞ்சியோகிராம் (கழுத்து ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே). மூளையில் அனியூரிசம் (ரத்தக்குழாயின் சுவர் மெலிந்து குமிழாகப் புடைத்திருப்பது) இருந்தது. அது ஒருமுறை வெடித்துக் கசிந்திருந்தது.

“பொழைச்சுக்குவாளா சார்?” என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன்.

“நினைவு தெளிவா இருந்தா மண்டையத் திறந்து அந்தக் குமிழுக்கு கிளிப் போடலாம். நல்லா வர வாய்ப்பு உண்டு. கொழம்பிப்போனவங்களுக்கு இப்பக் கைவெச்சா மேசையிலயே போயிடலாம். அதனால தினமும் கேள்வி கேட்டுப் பார்ப்போம். தெளிஞ்சாதான் தேதி.”

“அதுக்குள்ள மறுபடி வெடிச்சா?”

“வெடிக்கலாம்” என்றார். பொய் சொல்லாத மனிதர். அன்று அவர்மேல் எனக்குக் கோபமாக வந்தது.

மேரியை இருட்டறையில் படுக்கவைத்தார்கள். வெளிச்சம் ஆகாது என்று கண்களைத் துணியால் மூடியிருந்தார்கள். மாலையில் மட்டும் கொஞ்ச நேரம் பார்க்க விடுவார்கள். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து கையில் எண்ணெய் வாடையோடு போய் நிற்பேன். “குளிச்சிட்டு வரக் கூடாதா” என்பாள். எனக்கு அவள் தெளிவாகத்தான் இருந்தாள்.

ஆனால் கட்டிலில் தொங்கிய தாளில் நாளுக்கு நாள் ‘குழப்பம்’ என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். காலையில் வந்து கேள்வி கேட்பவர் திருநெல்வேலிக்கார இளம் டாக்டர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நான் தமிழ்ல கேக்கேன். அவங்க வேற என்னமோ பேசுதாங்க. வீட்ல உங்ககிட்ட என்ன பாஷைல பேசுவாங்க?”

“தமிழ்தாங்க” என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். சேர்க்கும்போது நிரப்பிய தாளிலும் அதையே எழுதியிருந்தேன். இன்னும் மூன்று நாள் போயிற்று. மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு மாலையும் படியேறியதும் கட்டில் காலியாக இருக்குமோ என்று வாசலிலிருந்தே எட்டிப்பார்ப்பேன்.

நான்காம் நாள் மாலை, “தண்ணி வேணுமா மேரி?” என்றேன். அவள் ஏதோ சொல்ல, நான் கொடுத்தேன். மருந்து கொண்டுவந்த கேரள நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார்.

“அவங்க இப்ப சொன்னது தமிழா?”

“ஆமா சிஸ்டர். ‘நீள்ளு காவால’ன்னா…”

தண்ணீர் வேண்டும் என்று சொல்லவந்தபோதுதான் அது தெலுங்கு என்று எனக்கே உறைத்தது. மேரி தெலுங்கு வீட்டுப் பெண். நான் கிருஷ்ணகிரித் தமிழன். கல்யாணமாகிப் பதினோரு வருடமாக நான் தமிழில் கேட்கிறேன், அவள் தெலுங்கில் பதில் சொல்கிறாள். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான். அது எந்த மொழி என்று ஒருநாளும் நான் கவனித்ததில்லை. எனக்கு அது மேரி பேசுவது, அவ்வளவுதான். கண்ணை மூடிக் கிடந்தவளுக்குத் தமிழ் பேசும் ஆண்குரல் எல்லாம் நானாகத் தெரிந்திருக்கிறது. வீட்டுப் பழக்கத்தில் பதில் சொல்லியிருக்கிறாள்.

ஓடினேன். பெரிய டாக்டர் தெலுங்கு தெரிந்த ஆயாவை அழைத்துவந்து கேட்கச் சொன்னார். பெயர், ஊர், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கு இரண்டு வரைக்கும் போய்விட்டு, “இன்னும் போகணுமா?” என்று கேட்டாளாம். டாக்டர் தாளில் இருந்த ‘குழப்பம்’ என்பதை அடித்துவிட்டுத் தேதி குறித்தார். ஆயா மூலம் மேரிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

“இப்ப சொல்லுங்க சார், பொழைப்பாளா?”

“இவங்கள மாதிரி இருக்கறவங்க நெறயப் பேர் பொழைக்கறாங்க. இவங்க பொழைப்பாங்களான்னு கேட்டா, அது எனக்குத் தெரியாதுப்பா.”

கோபம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்களும் டாக்டரிடம் கேளுங்கள், ஆனால் அவருக்குத் தெரியாததைச் சொல்லச் சொல்லி நச்சரிக்காதீர்கள். அவருக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று வீட்டில் இருக்கும். அதை யோசித்துச் சொல்லுங்கள்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள். மொட்டைத்தலை, கட்டு, வீங்கிய கண்கள். திருநெல்வேலி டாக்டரும் பக்கத்தில் நின்றார்.

“மேரி, நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியுது. நீங்க அந்தோணி. இன்னிக்கு வியாழக்கிழம” என்றாள், சுத்தமான தமிழில்.

“சார், தமிழ்ல பேசறா சார்! என்னமோ ஆயிடுச்சு!” என்று கத்திவிட்டேன். மேரியின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. பக்கவாதமோ என்று குனிந்து பார்த்தேன். சிரிக்கிறாள். அப்புறம் தெலுங்கில் மெதுவாகச் சொன்னாள்: “டாக்டர் நல்லபடியா எழுதட்டும்னுதான்.”

வருடங்கள் ஓடிவிட்டன. அவளது இடது கை கொஞ்சம் மந்தம், கரண்டி நழுவும். நெற்றியோரம் எலும்பு திறந்த இடத்தில் ஒரு பள்ளம். தலை வாரிவிடும்போது என் விரல் தானாக அங்கே போய் நிற்கும். அவளது உடம்பை அதற்குமுன் நான் இவ்வளவு கவனித்ததில்லை.

காலையில் கண் விழித்ததும், “தூங்குனியா மேரி?” என்று கேட்கிறேன். பதில் வரும்வரை எனக்கு நாள் தொடங்குவதில்லை. “பாகா நித்ரபோதினி” (நன்றாகத் தூங்கினேன்) என்பாள். அப்புறம்தான் எழுந்து அடுப்பு பற்றவைப்பேன்.

சில நாள் வேண்டுமென்றே, “நல்லாத் தூங்கினேங்க” என்று தமிழில் சொல்லிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.