சகாதேவன் கை நனைக்காத வீடு

என் அக்காவின் கணவர் சகாதேவன் ஒரு காலத்தில் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள், இப்போது அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் ஆள் மாறாட்டம் என்றுதான் நினைப்பார்கள். அறுபத்தெட்டு வயது. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறும் அதைவிட அதிகமாய்க் கீரையும் பருப்பும், இருட்டுவதற்குள் ஒரு தோசை. "போதும்" என்கிற சொல்லை அவர் வாயிலிருந்து நான் முதன்முதலில் கேட்டதே இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். அதுவரை அந்த வாய்க்குள் போவதும் சரி, அதிலிருந்து வருவதும் சரி, ஜாஸ்தியாகவே இருந்தது.

அவர் கல்யாணத் தரகர். செல்போனில் எத்தனை ஆப் வந்தாலும் அவர் தொழில் படுக்கவில்லை. ஆப்பில் பையனின் சம்பளம் தெரியும். அதே பையன் சாயந்திரமானால் எங்கே நிற்பான், யாரோடு நிற்பான் என்பது சகாதேவனுக்குத்தான் தெரியும். எந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன நட்சத்திரம், எந்தப் பங்காளிகள் எந்த வரப்புக்காகப் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் தலைக்குள் இருந்தது. நான் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் ஸ்கூட்டரின் பின்சீட்டு மாமாவுக்கு என்று ஆகிவிட்டது. அதனால் நடந்ததையெல்லாம் கூட இருந்து பார்த்தவன் நான். யாரோ சொல்லிக் கேட்டதல்ல.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகிறவரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். கேசரி, மிக்சர், காபியோடு சரி. சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நனைத்த பிறகு பின்வாங்கினால் ஊர் சும்மா விடாது. இதில் மாமா தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார். பேசி முடிக்கும் நாளில் இலை போட்டதும் முதலில் கை நனைப்பவர் அவர்தான். அவர் ஒரு பிடி பிடித்தால் இரண்டு பக்கமும் சுத்தம். ஏதாவது வில்லங்கம் காதில் விழுந்திருந்தால், "வயிறு சரியில்ல, தண்ணி மட்டும் குடுங்க" என்று குடித்துவிட்டு எழுந்துவிடுவார். யாரைப் பற்றியும் குறை சொன்ன பழி வராது. புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்துவிடும். நாற்பது வருஷம் ஓடிய இந்த ஏற்பாட்டில் அவருக்குக் கிடைத்தது நல்ல பெயரும் பெரிய தொப்பையும். முகூர்த்த மாதங்களில் மூன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, அக்கா மனசு கோணக் கூடாதென்று நாலாவது தடவையும் உட்காருவார்.

ஒரு நாள் டவுனுக்குள் ஒரு வீட்டுக்குப் பையனையும் அவன் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போனோம். வாசலிலேயே பெண்ணின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னா புரோக்கரே, போன வருஷம் போட்டோவ பார்த்தே வேணாம்னு சொன்ன பையன நேர்லயே கூட்டியாந்துட்டீங்க?" என்றார்.

மாமாவுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அந்தப் போட்டோவை அந்த அம்மாவிடம் காட்டியதோ, அவர் வேண்டாம் என்றதோ எதுவும் நினைவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வெளியே வந்தோம். பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"மச்சான், எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. எழுவது வயசுல, சோறு போட வந்த எங்கம்மாவ பார்த்து, நீ யார் வூட்டு பொண்ணும்மான்னு கேட்டாரு. எங்கம்மா கரண்டிய வெச்சுட்டு உள்ள போய் அழுதாங்க. அந்த கேள்விய நான் உங்கக்காகிட்ட கேட்டுடக் கூடாதுடா."

எல்லாரையும் கிண்டல் செய்கிற மனிதர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

டாக்டர் அருணாதேவி என் மகளோடு படித்த பெண். அவரிடம் போனோம். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் உட்கார வைத்துப் பேசினார்.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லீங்க. ஆனா சர்க்கரை எல்லையில நிக்குது, பிரஷர் இருக்குது, எடை ரொம்ப ஜாஸ்தி. இது மூணுமே மூளைக்கு ஆகாது. சாப்பாட்ட குறைங்க."

"குறைச்சா ஞாபகம் நிக்குமா?"

"எலிக்கு தீனிய குறைச்சா ஜாஸ்தி நாள் வாழுதுன்னு ரொம்ப காலமா பார்த்திருக்காங்க. வயசானவங்க கொஞ்ச பேர சில மாசம் குறைச்சு சாப்பிட வெச்சு பார்த்ததுல, ஞாபகப் பரீட்சைய முன்னவிட நல்லா செஞ்சாங்கன்னு ஒரு ஆராய்ச்சி இருக்குது. சின்ன ஆராய்ச்சிதான். மனுஷனுக்கு ஆயுசு கூடும்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. நானும் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நீங்க சாப்பிடற சாப்பாட்டுக்கு, குறைச்சா உங்களுக்கு நஷ்டம் இல்ல." பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது, இந்த வயசில் உடம்பு வற்றினாலும் ஆபத்து, சோற்றைக் குறைத்தாலும் பருப்பையும் முட்டையையும் குறைக்காதீர்கள், தினமும் நடங்கள் என்று அழுத்திச் சொன்னார்.

"ஆராய்ச்சி சின்னதா இருந்தா இன்னாம்மா, நான் பெருசா செஞ்சு காட்டறேன்" என்று எழுந்தார் மாமா.

செய்தும் காட்டினார். அக்கா முதல் வாரம் சண்டை போட்டாள், இரண்டாவது வாரம் கரண்டியைக் குவித்துப் போட்டு ஏமாற்றப் பார்த்தாள், மூன்றாவது வாரம் தோற்றாள். பௌர்ணமிக்குக் கிரிவலம் போனால் வழிநெடுக அன்னதானம். தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு வழிமறிப்பார்கள். மாமா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். "கையில வாங்கினா வாய்க்கு போயிடும் மச்சான்" என்றார். சில மாதங்களில் தொப்பை பாதியானது. மறந்துபோன பெயர்கள் நாக்குக்கு வர ஆரம்பித்தன. சோறு குறைந்ததாலா, நடந்ததாலா, சர்க்கரை இறங்கியதாலா, நன்றாகத் தூங்கியதாலா என்று டாக்டரே அடித்துச் சொல்ல மாட்டேன் என்கிறார். மாமாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

ஆனால் இதை வெளியே சொல்லக் கூடாது என்று எங்கள் வாயைக் கட்டிவிட்டார். ஞாபகம் தடுமாறுகிற தரகரை யார் கூப்பிடுவார்கள்?

இந்தச் சமயத்தில்தான் அடி அண்ணாமலையில் திருமலை என்பவரின் மகள் நந்தினிக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாமா சோற்றைக் குறைத்த பிறகு இலை வரைக்கும் வந்த முதல் சம்பந்தம் அதுதான். கலெக்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். பையன் பெயர் கோபி. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறான். அவன் அப்பா ராமன் மாடி அறைகளை அவர்களுக்கே வாடகைக்கு விட்டிருக்கிறார். பெண்ணும் பையனும் பேசிப் பிடித்துப்போய், ஜாதகமும் பொருந்தி, பேசி முடிக்க ராமன் வீட்டார் வந்தார்கள். கோபியின் அம்மாவுக்கு முட்டிவலி, வரவில்லை என்றார்கள். திருமலை வீட்டுக் கூடத்தில் இலை விரிந்தது. வடை, பாயசம், சாம்பார், எல்லாம் மணந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சன்னலில் நின்றார்கள்.

மாமா அன்று தன் அளவை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். பார்த்தால் ஆசை வரும் என்கிற முன்ஜாக்கிரதை. இலையில் சோற்றை வைக்க வந்தவர்களிடம், வெகு சாதாரணமாக, "எனக்கு வேணாம்மா, தண்ணி மட்டும் குடு" என்றார்.

சோற்றுக்குப் போன ராமனின் கை அப்படியே நின்றது. மாமாவைப் பார்த்தார். முகம் இருண்டது. "நல்ல நாள் பார்த்து சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார். அவரோடு வந்த எல்லாரும் எழுந்தார்கள். கோபி அப்பாவையும் நந்தினியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். மாமா, "இன்னாடா ஆச்சு இவருக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் மாமா வீட்டில் இருந்தபோது திருமலை வந்தார். உட்காரவில்லை.

"அண்ணே, எங்க வூட்டுல இன்னா குறைய கண்டீங்க? சகாதேவனே தண்ணியோட நிறுத்திட்டாரு, பொண்ணுகிட்ட என்னமோ இருக்குதுன்னு ஊரே பேசுது. புள்ள ஆபீசுக்கு போகாம படுத்திருக்குது. இனி எவன் வருவான் எங்க வாசலுக்கு?"

மாமாவுக்கு அப்போதுதான் பொட்டில் அடித்தது. நாற்பது வருஷமாக அவர் ஊருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவரே மறந்துவிட்டார். "ஐயோ, நான் டயட்டுல இருக்கேம்பா!" என்று கத்தினார். திருமலை அவரைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. சகாதேவன் சோற்றைக் குறைத்தான் என்றால் யார்தான் நம்புவார்கள்?

திருமலை போனதும் மாமா சட்டையை மாட்டினார். "ராமன் வூட்டுக்கு விடு வண்டிய."

"சர்க்கரைன்னு சொல்லிடு மாமா. ஞாபக விஷயத்த சொல்லாத, தொழில் போயிடும்" என்றேன்.

"சர்க்கரை ஊருல பாதி பேருக்கு இருக்குது. ஒரு வாய் சோறு தின்னாம எவன் எழுந்துக்கறான்? பாதி உண்மைய சொன்னா அவன் நம்ப மாட்டான். அந்த பொண்ணு பேரு கெட்டுப்போச்சுடா என்னால. என் பேரும் கெட்டாத்தான் அது சரியாகும்."

ராமன் எங்களை உட்காரச் சொல்லக்கூட இல்லை. மாமா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். போட்டோ கதை, அப்பாவின் கதை, டாக்டர் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. "அந்த வூட்டுல ஒரு குறையும் இல்ல. நான் தின்னாததுக்கு நான்தான் காரணம். பொண்ணு தங்கம்" என்று முடித்தார்.

ராமன் உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப எங்க விஷயம் தெரிஞ்சு நீ தண்ணி கேக்கலையா?" என்றார்.

"எந்த விஷயம்?"

அதற்குள் உள்ளேயிருந்து ராமனின் மனைவி சந்திரகலா வந்தார். நல்ல களையான முகம். "வாங்க, வாங்க, எப்ப வந்தீங்க? காபி கொண்டாரேன்" என்று உள்ளே போனார். முட்டிவலிக்காரர் நடையில் ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்து, "வாங்க, எப்ப வந்தீங்க?" என்றார்.

ராமன் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணரை வருஷமா இப்படித்தான். வைத்தியம் பார்த்துகினுதான் இருக்கோம். பொண்ணு வூட்டுக்கு தெரிஞ்சா தர மாட்டாங்கன்னு மறைச்சுட்டோம். நீ தண்ணி கேட்டதும், உனக்கு தெரிஞ்சுபோச்சு, அந்த பொண்ண காப்பாத்தத்தான் சோறு வேணாங்கறேன்னு நெனச்சேன். எனக்கு வெக்கமா போச்சு சகாதேவா."

மாமா அப்போதுதான் உட்கார்ந்தார். "பொண்ணுகிட்ட சொல்லணும்" என்றார்.

"சொன்னா வருவாளா?"

"வராம போகலாம். மறைச்சு கட்டி வெக்கிற வேலைய நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல, இனியும் செய்ய மாட்டேன்."

அன்றே போய்ச் சொன்னோம். திருமலை கேட்ட மாத்திரத்தில், "வேணாம்ணே, விட்டுடுங்க" என்றார். நந்தினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பெரியப்பா, நான் ஒரு தடவ அவங்கம்மாவ பார்க்கணும்" என்றாள் மாமாவிடம். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அங்கே போவது வழக்கமில்லை என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மறு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ராமன் வீட்டில் காத்திருக்க, அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே வந்துவிட்டாள்.

விருந்தாளிகளைக் கண்டதும் சந்திரகலாவுக்குக் கொள்ளாத சந்தோஷம். நந்தினியிடம் பெயர் கேட்டார். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டார். இரண்டு தடவையும் அவள் ஒரே மாதிரி சொன்னாள். மதியம் இலை போட்டார்கள். மாமாவும் நானும் உட்கார்ந்தோம். பெண் வீட்டாரை யாரும் வற்புறுத்தவில்லை. அவர்கள் காபி டம்ளரோடு நாற்காலியில் இருந்தார்கள். சந்திரகலா மாமாவுக்குச் சோற்றைக் குவித்தார். "போதும்" வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மாமா குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார்.

சந்திரகலா பாத்திரத்தோடு திரும்பி வந்தார். "ஐயே, உங்களுக்கு இன்னும் சோறே போடலையா?" என்று மறுபடி குவித்தார். கோபி தடுக்க எழுந்தான். மாமா இடது கையால் அவனை உட்காரச் சொல்லிவிட்டு அதையும் சாப்பிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. இத்தனை நாள் காத்த வயிறு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மூன்றாவது தடவையும் பாத்திரத்தோடு வந்தார். ராமனால் பொறுக்க முடியவில்லை. "சந்திரா, அவருக்கு ரெண்டு தடவ போட்டுட்டம்மா" என்றார்.

சந்திரகலா இலையைப் பார்த்தார், கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார், எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

நந்தினி டம்ளரைக் கீழே வைத்தாள். வந்து, எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான் இன்னும் போடல அத்தை, போடுங்க" என்றாள்.

சந்திரகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து போட்டார். நந்தினி சோற்றில் கை வைத்துப் பிசைய ஆரம்பித்தாள். திருமலை மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.