கடைசிக்கு முந்தின துண்டு

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. நாகர்கோவிலிலிருந்து நர்ஸ் வேலைக்குத் திருவனந்தபுரம் வந்த புதிதில், கண் ஆஸ்பத்திரியில் விளக்குப் பிடிக்கச் சொன்னாலே கதவோரம் ஒதுங்கிவிடுவேன். அப்படிப்பட்ட என்னைத்தான் டாக்டர் ஒருநாள் போலந்து மொழி பேசச் சொன்னார்.

உலகப் போருக்குத் தப்பி வந்த ஒரு போலந்துக்கார அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மற்றக் கண் முன்பே போய்விட்டது. மிச்சம் இது ஒன்றுதான். அந்தக் காலத்தில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மட்டும் மரக்க வைப்பார்கள். ஆள் முழு நினைவோடு கிடப்பார். அந்த அம்மாவுக்குத் தன் மொழி தவிர வேறொன்றும் தெரியாது. பொன்முடியில் துரை வீட்டுப் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருந்த மகளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். ஆனால் ரத்தம் கண்டால் மயங்கி விழுகிறவள் அவள். உள்ளே விட முடியாது.

“கத்தி உள்ள போகும்போ அனங்கப்படாது, அசையவே கூடாதுன்னு நீதான் சொல்லணும், கேட்டியா? அனங்கினா கண்ணு போச்சு,” என்றார் டாக்டர், மலையாளம் கலந்த தன் தமிழில்.

மகள் என்னை வராந்தாவில் உட்கார வைத்துச் சொல்லித் தந்தாள். அசையாமல் என்பதற்கு அவர்கள் சொல் ‘நியேருஹோமோ’. அதை நாலாக நறுக்கினாள்: நியே, ரு, ஹோ, மோ. எவ்வளவு நீளச் சொல்லானாலும் கடைசிக்கு முந்தின துண்டில்தான் அழுத்தம் விழ வேண்டுமாம். என் நாக்கோ முதல் துண்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. பழக்கத்துக்கு இன்னும் நீளமாக ஒன்று தந்தாள்: நியே, பெஸ், பியே, சேன், ஸ்த்வோ. ‘சேன்’ மேல் அழுத்து என்றாள். என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஆபத்து என்றாள். பழகுவதற்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா இவளுக்கு?

குளிக்கும்போதும் சோறு தின்னும்போதும் அதே பாடம்தான். கடைசியில் மகளே சரி என்று தலையாட்டினாள்.

மேஜையில் அந்த அம்மா கிடந்தார். டாக்டர் கத்தியை எடுத்தார். நான் விளக்கோடு அந்த அம்மாவின் காதருகே குனிந்து, ‘ஹோ’ மேல் அழுத்தி, அச்சுப் பிசகாமல் சொன்னேன்.

அதுவே வினையாகிவிட்டது. அவர் முகம் மலர்ந்தது. தன் மொழிக்காரி ஒருத்தி வந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். மடமடவென்று ஏதோ கேட்டுக்கொண்டே என் பக்கம் தலையைத் திருப்பினார். கண்ணைத் தொடப் போன கத்தியை டாக்டர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“எந்தா இது! தலையப் பிடி!”

படித்ததெல்லாம் பறந்துவிட்டது. அந்த அம்மாவின் கன்னத்தில் கையை அழுத்தி வைத்து, அதே சொல்லை முதல் துண்டிலேயே மோதி, நாகர்கோவில்காரியாகவே கத்தினேன். அவர் முகம் வாடிப் போயிற்று. நான் அவர் ஆளில்லை என்று தெரிந்துவிட்டது. பேச்சை விழுங்கிக்கொண்டு அப்படியே அசையாமல் கிடந்தார். கத்தி இறங்கியது. அது வெளியே வரும்வரை நான் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

கட்டு அவிழ்க்கும் நாள்வரை எனக்கு உறக்கமே இல்லை. அன்றைக்கு மேஜையில் அம்மா என்ன கேட்டார் என்று மகளிடம் விசாரித்தேன். நீ எந்த ஊர், மகளே என்று கேட்டாராம்.

கட்டை அவிழ்த்தபோது கட்டிலின் கால்மாட்டில் ஒளிந்தாற்போல் நின்றேன். டாக்டர் விரலைக் காட்டினார். அந்தக் கண் விரலைப் பார்த்தது. பிறகு அதைத் தாண்டி வந்து என் முகத்தில் நின்றது. கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் சொன்னேன்.

“நாகர்கோவில்.”

என்னைப் பார்த்துக்கொண்டே அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்: நா, கர், கோ, வில். அழுத்தம் ‘கோ’ மேல் விழுந்தது.